துருவேறிய நட்டைக் கழற்ற எண்ணெயா, தீயா?

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய பிரீமியர் பத்மினி காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் நம்மவர்கள், அதன் அடிப்பாகத்து நட்டுகளோடு மல்லுக்கட்டியே தீர வேண்டியிருக்கிறது. கடற்காற்றின் உப்பும் நான்கு மாத மழையும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கும்போது, அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகி, மரைகளுக்கு நடுவே இருந்த சிறு இடைவெளியையும் அடைத்துவிடுகிறது.

எண்ணெயின் பெரிய நன்மை, அக்கம்பக்கத்துப் பாகங்களைச் சுடாது என்பதே. பலரும் முதலில் எடுக்கும் டபிள்யூடி-40, ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் உருவாக்கப்பட்டது. இறுகிய மரைக்குள் இறங்குவதற்கென்றே செய்யப்படும் ஊடுருவு எண்ணெய் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது. அசிட்டோனையும் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் சரிபாதியாகக் கலப்பவர்களும் உண்டு. ஆனால் இரண்டும் சீக்கிரமே பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், அசிட்டோன் பெயின்ட்டையும் அரிக்கும். எதை ஊற்றினாலும், வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் முதலில் தேய்த்தெடுக்காவிட்டால் அது மேல்துருவை நனைத்ததோடு நின்றுவிடும்.

தீ வேறு விதமாக வேலை செய்கிறது. 10 மி.மீ. நட்டின் துளை, 200 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 0.024 மி.மீ. மட்டுமே விரியும், ஆனாலும் போல்ட்டு சூடேறுமுன் நட்டு மட்டும் விரிவதால் துருவின் பிடிப்பில் விரிசல் விழுகிறது, எண்ணெய் ஒரு இரவு முழுக்க ஊறியும் முடியாததைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளுக்குத் தீயே மேல் என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ரப்பர் புஷ் ஆகியவற்றின் அருகே அதற்கு இடமே இல்லை. எண்ணெயும் பொறுமையும்தான் வழி. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கினால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுப்பது மூன்றாவது வழி. இதை நான் பரிந்துரைப்பதில்லை. நட்டு 'டக்' என்று விட்டுக்கொடுத்தால் நல்லது. மாறாக, ரப்பரை முறுக்குவதுபோல மெத்தென்று நகர்ந்தால் முறுகுவது போல்ட்டுதான், அடுத்த இழுப்பில் அது முறிந்துவிடும். அங்கேயே நிறுத்தி, சற்று இறுக்கி, மீண்டும் தளர்த்தி, மரையிலிருந்து செந்நிறத் தூள் உதிர உதிர எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். பன்னிரு முனை சாக்கெட் மழுங்கிய நட்டின் முனையை எளிதில் வழித்துவிடும் என்பதால் அறுமுனை சாக்கெட்டே போட வேண்டும்.

எதற்கும் அசையாத நட்டை, ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்டில்) படாமல் நட்டு பிளப்பானால் பிளந்துவிடலாம். நட்டு மலிவு, எஞ்சினின் அலுமினிய ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டைத் துளைத்தெடுப்பதோ பெரும் செலவு. திரும்பப் பூட்டும்போது மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டைப் போட்டால், அடுத்த முறை கழற்றுபவருக்குத் தீயே தேவைப்படாமல் போகலாம்.