மெடிக்கல் ஷாப் ஸ்டாக் சாஃப்ட்வேர்: எதுக்கு நம்பலாம், எதுக்கு நோட்டு போதும்

முதல்லயே சொல்லிடறேன், சாஃப்ட்வேர் பேரு போட மாட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னா காசு வாங்கிட்டு எழுதறேன்னு நினைப்பீங்க, குறை சொன்னா அவங்க சேல்ஸ் ஆளு கடைக்கே வந்து உக்காந்துடுவாரு. அதுவும் போக, மார்க்கெட்ல இருக்கிற பார்மசி சாஃப்ட்வேர் முக்காவாசி உள்ளுக்குள்ள ஒண்ணு தான். ஐட்டம் மாஸ்டர் (எல்லா மருந்தோட பட்டியல்), பர்ச்சேஸ் என்ட்ரி, பில்லிங், எக்ஸ்பைரி ரிப்போர்ட், ரீஆர்டர், ஜிஎஸ்டி. கலரும் ஷார்ட்கட் கீயும் மாறும், அவ்ளோதான். நீங்க எத வாங்கினாலும் நான் சொல்றதுல பாதிக்கு மேல ஒத்து வரும்.

நம்ம கடை தாலுகா ஊர்ல, எதிர்ல ஒரு குழந்தை டாக்டர், ரெண்டு கட்டிடம் தள்ளி ஒரு பொது டாக்டர், சாயந்திரம் 6ல இருந்து 9 வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. மத்த நேரத்துல சுகர், பிரஷர், தைராய்டுக்கு மாசாமாசம் வாங்கறவங்க. இத ஏன் சொல்றேன்னா, ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற பார்மசிக்கும் இந்த மாதிரி ரோட்டுக் கடைக்கும் ஸ்டாக் கணக்கே வேற, நான் ரோட்டுக் கடை ஆளா தான் எழுதறேன்.

பில்லிங் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, வேகமா இருக்கு. டோலோ 650 பட்டைக்கு 15 மாத்திரை, அசித்ரோமைசின்னா 3 இல்லன்னா 5, இன்னும் சிலது 10. லூஸா நாலு மாத்திரை குடுத்தா மீதிய கரெக்டா கழிக்குது. கம்பெனிக்காரன் பட்டை சைஸ மாத்தினா மட்டும் புது ஐட்டமா போட்டே ஆகணும், பழைய பேர்லயே போட்டுட்டா மொத்த கணக்கும் கோணிக்கும்.

சரி, காசு குடுத்ததுக்கு உண்மையிலேயே பலன் கிடைச்சது எக்ஸ்பைரில தான். முன்னாடி எப்படின்னா, ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஞாயித்துக்கிழமை கடைய பாதி சாத்திட்டு ஒவ்வொரு ராக்கா பட்டைய எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாக்கறது. எழுத்து அமுக்கி அடிச்சிருப்பான், பாதி படிக்கவே முடியாது. இப்ப மாசம் பொறந்தா ஒரு ரிப்போர்ட், அடுத்த மூணு மாசத்துல முடியற ஐட்டம் எல்லாம் பேட்ச் நம்பரோட, எந்த ஸ்டாக்கிஸ்ட் (மொத்த வியாபாரி) கிட்ட எந்த பில்லுல வாங்கினதுன்னு வந்துடுது. இந்தக் கடைசி விஷயம் தான் தங்கம். ஏன்னா எக்ஸ்பைரி ரிட்டர்ன் அனுப்பினா ஸ்டாக்கிஸ்ட் முதல்ல சொல்றதே "இது எங்க சரக்கு இல்லண்ணே, வேற எங்கயோ வாங்கியிருக்கீங்க"ன்னு தான். பில் நம்பரும் தேதியும் சொன்னா அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சிடும். அப்புறம் கிரெடிட் நோட், அதாவது திருப்பின சரக்குக்கான காச நம்ம பேர்ல வரவு வெச்சு ஸ்டாக்கிஸ்ட் குடுக்கறது, அது வர மாசக்கணக்குல இழுக்கும், யார் யார் எவ்ளோ பாக்கின்னு தனியா பட்டியல் வருது. நோட்டுல எழுதி வெச்ச காலத்துல இந்தக் காசுல ஒரு பகுதி சத்தமில்லாம போயிடும், கேக்கறதுக்கே ஞாபகம் இருக்காது.

வெட்டின பட்டைய எவனும் திருப்பி எடுக்க மாட்டான், அது தெரிஞ்சது தான். அதனால லூஸ் குடுக்கும்போது பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் அடிச்சிருக்கிற பக்கத்த கடைல வெச்சுக்கிட்டு மறு பக்கத்துல இருந்து வெட்டணும், இது சாஃப்ட்வேர் சொல்லித் தராது, கவுன்டர்ல நிக்கற பசங்களுக்கு நீங்க தான் சொல்லணும். பட்டைல மாசம் மட்டும் போட்டிருந்தா அந்த மாசத்தோட கடைசி நாள் வரைக்கும் கணக்கு. முடிஞ்ச சரக்க தனி டப்பால போட்டு விற்பனைக்கு இல்லன்னு எழுதி வைக்கணும், டிரக் இன்ஸ்பெக்டர் வந்தா முதல்ல கண்ணு போற இடம் அது.

ஆனா இதே எக்ஸ்பைரி விஷயத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, டெமோல யாரும் காட்ட மாட்டாங்க. எது முதல்ல முடியுதோ அத முதல்ல வித்துடு, இது தான் மாத்திரைக் கடையோட அடிப்படை சட்டம். முதல்ல வந்தது முதல்ல போகட்டும்னு மளிகைக் கடை மாதிரி இங்க பண்ண முடியாது, ஏன்னா நேத்து வந்த லாட் மார்ச்ல முடியும், போன மாசம் வந்தது டிசம்பர் வரைக்கும் இருக்கும், அப்படியும் வரும். சாஃப்ட்வேர் பில்லு போடும்போது தானாவே சீக்கிரம் முடியற பேட்ச எடுத்துக்குது. நல்லது தான். ஆனா கை ராக்ல எந்த பட்டைய எடுத்துச்சு? கூட்ட நேரத்துல முன்னாடி இருக்கிறத எடுத்துக் குடுப்பாங்க, கம்ப்யூட்டர்ல மார்ச் பேட்ச் கழியும், ராக்ல டிசம்பர் பேட்ச் போயிருக்கும். மொத்த எண்ணிக்கை சரியா இருக்கும், பேட்ச் தப்பு. மூணு மாசம் கழிச்சு எக்ஸ்பைரி ரிப்போர்ட்ல அந்த மார்ச் பேட்ச் இருக்கவே இருக்காது, ஏன்னா கம்ப்யூட்டர் கணக்குப்படி அது எப்பவோ வித்துப் போச்சு, ஆனா ராக் பின்னாடி அது ஜம்முனு உக்காந்திருக்கும். கஸ்டமர் கைக்கு அது போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

இதுக்கு பார்கோடு ஒட்டி ஸ்கேன் பண்ணி விக்கறது ஒரு வழி, ஆனா பட்டை பட்டையா லேபிள் ஒட்ட ஆளு வேணும். 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அதிகம் விக்கற 300 பிராண்டுக்கு க்யூஆர் கோடு கட்டாயம்னு வந்துச்சு, அதுல பேட்ச், எக்ஸ்பைரி எல்லாமே இருக்கும், அத பில்லிங்ல ஸ்கேன் பண்ண முடிஞ்சா இந்தத் தலைவலில ஒரு பங்கு போகும். ஆனா நான் வாங்கின சாஃப்ட்வேர் அத படிக்கல, கேட்டா அடுத்த அப்டேட்ல வரும்னு சொன்னாங்க, அடுத்த அப்டேட்ல லோகோ மாறி வந்துச்சு. இப்போதைக்கு நம்ம வழி பழைய வழி தான். புது சரக்கு வந்தா அடுக்கறவங்க தேதி பாத்து சீக்கிரம் முடியறத முன்னாடி வைக்கணும், தினமும் மதியம் கூட்டமில்லாத நேரத்துல ஒரே ஒரு ராக்க மட்டும் எண்ணி பேட்ச் வாரியா சரி பண்ணிடறோம். ஒரு சுத்து முடிஞ்சா மறுபடி முதல் ராக். வருஷக் கடைசில கடைய சாத்திட்டு மொத்தமா எண்றத விட இது எவ்வளவோ மேல்.

மைனஸ் ஸ்டாக் இன்னொரு கூத்து. சரக்கு வந்து இறங்கிடும், பர்ச்சேஸ் என்ட்ரி போட நேரம் இருக்காது, அதுக்குள்ள கஸ்டமர் வந்துடுவாங்க, பில்லு போட்டா ஸ்டாக் மைனஸ் மூணு. அத அனுமதிக்கக் கூடாதுன்னு செட்டிங்ஸ்ல தடுக்கலாம், தடுத்தா கூட்ட நேரத்துல கவுன்டர்ல சண்டை தான். ஸ்டாக்கிஸ்ட் பில்ல ஃபைலா வாட்ஸ்அப்ல அனுப்பினா அப்படியே ஏத்திக்கலாம், அது வர்றவங்க கிட்ட பிரச்சினையே இல்ல. சின்ன ஸ்டாக்கிஸ்ட் இன்னும் பேப்பர் பில்லு தான், அது அத்தனையும் கையால அடிக்கணும்.

இப்ப ரீஆர்டருக்கு வரேன், இதுக்காகத் தான் பல பேரு சாஃப்ட்வேரே வாங்கறாங்க, எனக்கு இது தான் பெரிய ஏமாத்தம். கணக்கு சிம்பிள் தான், இதுவரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு எவ்ளோ போச்சு, சரக்கு வர எத்தன நாள் ஆகும், ரெண்டையும் பெருக்கி கொஞ்சம் பாதுகாப்புக்கு சேத்துக்கோ. தப்பில்ல. ஆனா ரோட்டுக் கடைல மருந்தோட டிமாண்ட முடிவு பண்றது சராசரி கிடையாது, எதிர் டாக்டரோட பேனா. அவரு ஒரு வாரம் வெளியூர் போனா சிரப் எல்லாம் அசையாது, சாஃப்ட்வேர் ஓஹோ இது மூவ் ஆகலன்னு அளவ குறைச்சிடும், திங்கக்கிழமை அவரு வந்து உக்காந்ததும் ஏழு மணிக்குள்ள காலி. மழைக்காலத்து காய்ச்சல் சீசன்ல வித்தத வெச்சு அடுத்த மாசத்துக்கும் அதே மாதிரி வாங்குன்னு சொல்லும். அவரு செஃபிக்சிம்ங்கற ஆன்டிபயாடிக் சிரப்ல ஒரு பிராண்ட விட்டுட்டு இன்னொரு பிராண்ட எழுத ஆரம்பிச்சா, பழசு மொத்தமும் டெட் ஸ்டாக், புதுசு ஒண்ணு கூட இருக்காது, சாஃப்ட்வேருக்கு ரெண்டுமே தெரியாது.

யாருக்குத் தெரியும்னா, மருந்து கம்பெனியோட சேல்ஸ் ஆளு, அந்த ரெப்புக்குத் தெரியும். அவங்க ஆர்சிபிஏ (கடைல வர்ற சீட்ட கணக்கெடுக்கறது)ன்னு சொல்லிக்கிட்டு எந்த டாக்டர் என்ன எழுதறாருன்னு நம்ம கடைல தான் வந்து கேப்பாங்க. அதே பேச்சுல நம்மளும் கேட்டுக்கலாம், "என்ன சார், டாக்டர் உங்க பிராண்ட எழுத ஆரம்பிச்சுட்டாரா"ன்னு. பத்துக்கு ஒண்ணு ஃப்ரீன்னு ஆசை காட்டுவாங்க, டாக்டர் எழுதின நாலு சீட்டு கண்ணால பாத்துட்டு வாங்கினா போதும். ஊர்ல காலைல ஆர்டர் போட்டா சாயந்திரமோ மறுநாளோ சரக்கு வந்துடுது, மாசக் கணக்குல காச ராக்ல முடக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஒரு ஒப்பீடு சொல்றேன், யோசிச்சுப் பாருங்க. நம்ம மாநிலத்துல 1994ல ஆரம்பிச்ச டிஎன்எம்எஸ்சி இருக்கே, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் குடுக்கற கார்ப்பரேஷன், மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக், இவ்ளோ ரூபாய்க்கு எடுத்துக்கலாம்னு ஒதுக்கீடு, எடுக்க எடுக்க அதுல கழியும். ராஜஸ்தான் மாதிரி மத்த மாநிலங்கள் பாத்து எடுத்துக்கிட்ட முறை அது. அங்க ஜெனரிக் பேர்ல வாங்கறாங்க, பாரசிட்டமால்னா பாரசிட்டமால் தான், அதனால போன வருஷம் போனத வெச்சு இந்த வருஷத்துக்கு கணக்கு போட்டா ஓரளவு நிக்கும். நம்ம கடைல அதே சால்ட் (மாத்திரைக்குள்ள இருக்கிற மருந்து) பத்து இருபது பிராண்டா பிரிஞ்சு கிடக்குது, சால்ட் வாரியா பாத்தா விற்பனை ஒரே சீரா இருக்கும், பிராண்ட் வாரியா பாத்தா குதிக்கும். நம்ம சாஃப்ட்வேர்ல சால்ட் வாரியா ரிப்போர்ட் வருது, ஆனா ரீஆர்டர் பிராண்ட் வாரியா தான். இருக்கிற பிராண்ட மாத்திக் குடுத்துடலாமேன்னா, ஷெட்யூல் ஹெச் (டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத) மருந்துல சீட்டுல எழுதினதுக்கு பதிலா வேற பிராண்ட் குடுக்க சட்டத்துல இடமில்ல, டாக்டர் கிட்ட போன் போட்டு கேட்டு சீட்டுல திருத்தி வாங்கினா தான் உண்டு.

அதனால ஆர்டருக்கு இன்னும் ஷார்ட் புக் தான். கல்லாப் பக்கத்துல நூல்ல கட்டின நோட்டு, தீந்தத எழுது, கேட்டு இல்லன்னு சொன்னதையும் எழுது. இந்த ரெண்டாவது தான் முக்கியம், ஏன்னா இல்லன்னு சொல்லி திருப்பி அனுப்பின கஸ்டமர் எந்த சேல்ஸ் ரிப்போர்ட்லயும் வரமாட்டாங்க.

ஏபிசி ரிப்போர்ட்னு ஒண்ணு குடுக்கறாங்க, எது அதிக காசு கொண்டு வருதோ அது ஏ, அடுத்து பி, மிச்சம் சி. நம்ம ரிப்போர்ட்ல மேல இருந்தது இன்சுலின், சுகர் மாத்திரை, டயபர். டயபர்! கீழ சில ரூபாய்க்கு விக்கற சார்பிட்ரேட் 5 கிடக்குது, நெஞ்சு வலின்னு ராத்திரி யாராவது ஓடி வந்தா நாக்குக்கு அடில வைக்கறதுக்கு. ஏபிசிய மட்டும் நம்பி சி ஐட்டத்த குறைச்சீங்கன்னா முதல்ல இந்த மாதிரி தான் போகும். ஆஸ்பத்திரி பார்மசில இதுக்குத் தான் விஇடின்னு இன்னொரு பிரிவு வெச்சிருப்பாங்க, உயிர் காக்கறது, அவசியமானது, இருந்தா நல்லதுன்னு. நம்ம சாஃப்ட்வேர்ல அதுக்கு இடமே இல்ல, ராக் நம்பர் போடற கட்டத்துல வி-ன்னு சேத்துப் போட்டு சமாளிக்கறேன். தைராய்டு மாத்திரையும் இதே கதை, 12.5, 25, 50, 62.5, 75, 88, 100 மைக்ரோகிராம்னு போயிட்டே இருக்கும், 62.5 எப்பவாவது தான் போகும், ஆனா அத மாசாமாசம் வாங்கற அம்மா அது இல்லன்னா சுகர், பிரஷர் மாத்திரை மொத்தத்தையும் பக்கத்து கடைலயே வாங்கிட்டு போயிடுவாங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஷெட்யூல் ஹெச்1 (இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்து) ரெஜிஸ்டர், 2014 மார்ச்ல இருந்து அமல்ல இருக்கிறது, செஃபிக்சிம், அல்பிரசோலம் மாதிரி மருந்துக்கு டாக்டர் பேரு, நோயாளி பேரு, அளவு எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும், பில்லு போடும்போதே அது கேட்டு வாங்கிக்குது, அருமை. 2025 செப்டம்பர் 22ல பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆச்சே, பட்டைல பழைய எம்ஆர்பி இருக்கும், குறைஞ்ச விலைக்குத் தான் குடுக்கணும், அந்த வாரம் கையால பில்லு போட்டவங்க நிலைமைய நினைச்சுப் பாருங்க. இந்த இடத்துல சாஃப்ட்வேருக்கு முழு மார்க். ஃப்ரிட்ஜ் ஐட்டத்துக்கு மட்டும் தனி கவனிப்பு எதுவுமில்ல, 2ல இருந்து 8 டிகிரி இருக்கான்னு தினம் ரெண்டு தடவ தெர்மாமீட்டர் பாத்து எழுதறது நம்ம வேலை தான்.

மார்க்குன்னு கேட்டா எக்ஸ்பைரிக்கும் ரிட்டர்ன் கிளைமுக்கும் அஞ்சுக்கு நாலு, பில்லிங்குக்கு நாலு, ரீஆர்டருக்கு ஒண்ணரை. சப்போர்ட்டுக்கு ரெண்டு, ஹிந்தில ஆரம்பிச்சு தமிழ் ஆளு கிடைக்கறதுக்குள்ள மதியம் ஆயிடுது.

வாங்கப் போறவங்க டெமோல கலர் கலரா கிராஃப் காட்டினா ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டு, பில்லுல பேட்ச கையால மாத்தி காட்டச் சொல்லுங்க, எத்தன கீ அழுத்தணும்னு எண்ணுங்க, மூணுக்கு மேல போனா கூட்ட நேரத்துல ஒருத்தரும் மாத்த மாட்டாங்க. எக்ஸ்பைரி ரிட்டர்ன் போட்டு கிரெடிட் நோட் பாதி தொகைக்கு வந்தா மீதிய எப்படி காட்டுதுன்னு கேளுங்க. கடைசியா, நாளைக்கு இத விட்டுட்டு வேறதுக்கு மாறினா ஐட்டம் மாஸ்டரும் பேட்ச் ஸ்டாக்கும் எக்செல்ல முழுசா எடுத்துக் குடுப்பீங்களான்னு கேட்டு, அத அவங்க லேப்டாப்லயே அப்பவே எடுத்துக் காட்டச் சொல்லுங்க, முடியாதுன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.