குளிர்நாட்டில் தயிர்: மின்சாரக் குக்கரின் தயிர்ப் பொத்தானைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

டொராண்டோவில் நவம்பர் பாதியைத் தாண்டிவிட்டால், சமையலறை மேடையில் வைத்த பாலில் ஊற்றிய உறை எடுபடுவதில்லை. வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே பகலில் 20 அல்லது 21 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். எரிவாயுக் கட்டணத்தை எண்ணி இரவில் அதை 18-க்கு இறக்கிவிடும் குடும்பங்கள் பல. தஞ்சாவூரில் இரவு உறை ஊற்றிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் தோய்ந்துவிடும் பால், இங்கே மறுநாள் மாலையிலும் பாலாகவே இருக்கும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் உறைந்ததைப் போலத் தோன்றும், ஆனால் கரண்டியில் எடுக்கும்போது நூல் நூலாக இழுக்கும். கம்பளியில் சுற்றிவைப்பது, ஹாட் பாக்ஸுக்குள் வைப்பது, அவன் (oven) எனப்படும் பேக்கிங் அடுப்பின் விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைப்பது ஆகிய மூன்றும் இங்குள்ள தமிழ் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் உபாயங்கள். அவற்றுள் அவன் விளக்கே ஓரளவு நம்பகமானது. ஆனால் இப்போது வரும் அவன்கள் சிலவற்றில் எல்.இ.டி. விளக்கு பொருத்தப்படுவதால் வெளிச்சம் வருகிறதே தவிர வெப்பம் வருவதில்லை.

இந்த நிலையில்தான், சாம்பாருக்கும் பருப்புக்கும் என்று வாங்கிய 6 குவார்ட் (ஏறத்தாழ 5.7 லிட்டர்) மின்சார பிரஷர் குக்கரில் இருந்த தயிர்ப் பொத்தான் என் வீட்டில் அதிகம் அழுத்தப்படும் பொத்தானாக மாறியது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில் பாலை ஏறத்தாழ 82 டிகிரி வரை சூடாக்குகிறது. பிறகு, உறை ஊற்றிய பாலை நாம் குறிப்பிடும் மணிநேரம் வரை நாற்பதையொட்டிய வெப்பத்தில் வைத்திருக்கிறது. இதில் அழுத்தம் எதுவும் உருவாவதில்லை. அடியில் உள்ள சூட்டுத்தட்டு அவ்வப்போது சிறிது நேரம் இயங்கி அணைகிறது. உள்பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் உணரி எப்போது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே மூடியைப் பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை, ஒரு சாதாரணக் கண்ணாடி மூடியே போதும்.

சில குளிர்காலங்கள் கடந்த பின் என் முடிவு, இந்தப் பொத்தானின் இரண்டாவது வேலை அருமையானது, முதல் வேலை தேவையற்றது என்பதே. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் வாங்கும் பால் ஏற்கெனவே பாஸ்டராக்கம் செய்யப்பட்டதுதானே, அதை ஏன் மீண்டும் காய்ச்ச வேண்டும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பதுண்டு. கிருமி நீக்கத்துக்காக மட்டும் காய்ச்சுவதாக இருந்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் பால் 80 டிகிரியைத் தாண்டிச் சிறிது நேரம் நிற்கும்போது, அதில் கரைந்திருக்கும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் தன் மடிப்பு அவிழ்ந்து கேசின் என்னும் முதன்மைப் பால்புரதத்தின் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பிற்பாடு புளிப்பு ஏறிக் கேசின் ஒன்றோடொன்று பிணையும்போது, அந்த வலை நெருக்கமாக அமைந்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இப்படிச் சூடாக்காமல் உறை ஊற்றினாலும் தயிர் உறையும். ஆனால் கரண்டி பட்டவுடன் உடைந்து, பாதிக் கிண்ணம் மஞ்சள் கலந்த தெளிநீராக நிற்கும். தயிர் ஆலைகளில் 85 டிகிரியில் அரை மணி நேரமோ, 90-க்கு மேல் சில நிமிடங்களோ பாலை நிறுத்திவைப்பது இதற்காகத்தான். நம் வீடுகளில் பாலைப் பொங்கவிட்டுச் சிறுதீயில் சுண்டவிடும் வழக்கமும் இதே பலனைத் தருகிறது.

குக்கரின் காய்ச்சும் முறை தடுமாறுவது இங்கேதான். உணரி அடியில் இருப்பதால், அடிப்பாலின் சூட்டை வைத்தே வேலை முடிந்துவிட்டதாக அது ஒலி எழுப்புகிறது. சமையல் வெப்பமானியை நடுவில் விட்டுப் பார்த்தால் 75 அல்லது 76 டிகிரிதான் காட்டும், கிளறிவிட்டு மறுபடியும் ஒரு சுற்று ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டு லிட்டர் பாலுக்கு இது முக்கால் மணி நேர வேலையாகிவிடுகிறது. இதற்கிடையில் அடியில் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டினால் பழுப்புத் துணுக்குகள் பாலில் கலந்துவிடும், சுரண்டாமல் விட்டால் கழுவும்போது ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரால் அலசி, துடைக்காமல் அப்படியே பாலை ஊற்றினால் ஒட்டுவது குறைகிறது, ஆனாலும் முழுதாக நிற்பதில்லை. அடுப்பில் அடிகனமான பாத்திரத்தை வைத்துக் கிளறிக்கொண்டே காய்ச்சினால் பதினைந்து நிமிடங்களில் முடியும் வேலைக்கு இத்தனை பாடு எதற்கு என்பது என் எண்ணம். கைக்குழந்தையோடு அடுப்படியில் நிற்க முடியாதவர்களுக்கு வேண்டுமானால் இந்த வசதி பயன்படலாம்.

காய்ச்சிய பாலை ஆறவைப்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. குக்கரின் உடலுக்குள்ளேயே விட்டால் பால் ஆற இரண்டு மணி நேரம் ஆகலாம். உள்பாத்திரத்தை வெளியே எடுத்துத் தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி அதில் நிறுத்திக் கிளறினால், இந்த ஊர்க் குழாய்நீரின் குளிர்ச்சியில் சீக்கிரமே கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். வெப்பமானியில் 43-க்குக் கீழே வந்த பிறகே உறை ஊற்றுவது நல்லது, 50-ஐத் தாண்டிய சூட்டில் ஊற்றினால் உறையின் வீரியம் போய்விடும்.

பாலைப் பொறுத்தவரை, ஒன்டாரியோவில் 4 லிட்டர் பை வாங்குபவர்கள் அதற்குள் 1.33 லிட்டர் கொண்ட மூன்று சிறு பைகள் இருப்பதை அறிவார்கள். ஒரு சிறு பை ஒரு முறை தோய்க்கச் சரியான அளவு. 3.25 சதவீதக் கொழுப்புள்ள பாலே நம் சுவைக்கு ஏற்றது. 2 சதவீதப் பாலில் தயிர் நன்றாகவே உறைகிறது, ஆனால் வாயில் நிற்பதில்லை. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்தால் அந்தக் குறை பெரிதும் தீரும். ஊரில் போல மேலே தடித்த ஏடு படியும், அதைச் சேர்த்துவைத்து வெண்ணெய் கடையலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இங்கு விற்கும் பாலில் கொழுப்புத் துளிகளை நுண்ணியதாகச் சிதைத்து ஒருபடித்தாக்கிவிடுவதால் அவை மேலே மிதந்து வருவதே இல்லை. எந்தக் கருவியாலும் இதற்கு மாற்றுச் செய்ய முடியாது. அப்படி ஒருபடித்தாக்காத பாலைச் சில கடைகள் கண்ணாடிப் புட்டியில் விற்கின்றன, ஆனால் அன்றாடம் வாங்கக் கட்டுப்படியாகாது.

அடுத்தது உறை. கருவியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கடைத் தயிரில் இருப்பவை பெரும்பாலும் லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் என்னும் இருவகை நுண்ணுயிர்கள். இவை 40 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டை விரும்புபவை. குக்கரின் வழக்கமான தயிர் அளவு 41, 42 டிகிரியில் நிற்பது இவற்றுக்காகவே. ஆனால் நம் வீட்டுத் தயிரில், 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் நன்றாக வளரும் லாக்டோகாக்கஸ் வகைகளும் கலந்திருக்கின்றன. தயிர்சாதத்தில் நாம் தேடும் மிதமான புளிப்பும் வெண்ணெய் மணமும் இவற்றால் வருபவை. ஊரிலிருந்து வந்த நல்ல உறையைக் கொண்டு தொடங்கினாலும், திரும்பத் திரும்ப 42 டிகிரியில் தோய்த்துக்கொண்டே போனால் சூடு விரும்பும் கூட்டம் பெருகி மற்றவை ஒதுங்கிவிடுகின்றன. தயிர் கத்தியால் வெட்டலாம் போல அழகாக உறைகிறது, ஆனால் புளிப்பு கூர்மையாக ஏறுகிறது. சென்னையிலிருந்து வந்து எங்களோடு சில மாதங்கள் தங்கிய என் மாமியார், பிசைந்த சோற்றை ஒரு வாய் சாப்பிட்டதுமே, "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறதம்மா, ஆனால் பல் கூசுகிறதே" என்றார்.

அதன்பின் கருவியிலுள்ள குறைந்த சூட்டு அளவைப் பயன்படுத்தத் தொடங்கினோம். வெப்பமானி காட்டியபடி அது 33, 34 டிகிரியில் நிற்கிறது, அதாவது நம் ஊர்க் கோடைகாலச் சமையலறையின் வெப்பம். தோய ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிறது. ஆனால் புளிப்பு அடங்கியிருக்கிறது, மறுநாள் மதியம் வரை தயிர் தயிராகவே இருக்கிறது. எல்லா மாதிரிகளிலும் இந்தக் குறைந்த அளவு கிடையாது. வாங்குவதற்கு முன் கையேட்டில் இதைப் பார்த்துக்கொள்வது, எத்தனை குவார்ட், எத்தனை பொத்தான் என்று பார்ப்பதைவிட முக்கியம் என்று கருதுகிறேன். கடைத் தயிரையே உறையாகக் கொள்பவர்களுக்கு இந்த அளவு ஒத்துவராது, அந்த நுண்ணுயிர்கள் இச்சூட்டில் மந்தமாகவே வேலை செய்யும். கடைத் தயிர் வாங்கும்போது உட்பொருள் பட்டியலில் பாலும் பாக்டீரியா வளர்ப்பும் மட்டுமே உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். ஜெலட்டினும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கிய தயிரிலிருந்து அந்தக் கெட்டித்தன்மை நம் பாலுக்கு வந்துசேராது.

கருவி தானாகக் காட்டும் நேரம் 8 மணி. கடை உறையோடு 42 டிகிரியில் ஐந்து மணி நேரத்திலேயே தயிர் உறைந்துவிடுகிறது, மீதி மூன்று மணி நேரம் புளிப்பதற்கே போகிறது. மோர்க்குழம்புக்கோ அவியலுக்கோ என்றால் அந்த மூன்று மணி நேரமும் பயனுள்ளதே. உறைந்த பின் ஆடாமல் அசையாமல் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும், சில மணி நேரக் குளிர்ச்சியில் அது மேலும் இறுகும்.

உள்பாத்திரத்தில் நேரடியாகத் தோய்ப்பதை நான் விட்டுவிட்டேன். அதில் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி, முக்காலித் தட்டின் மேல் எவர்சில்வர் தூக்கையோ மண்சட்டியையோ தட்டால் மூடி வைப்பதே இப்போதைய வழக்கம். சுற்றிலும் வெந்நீர் இருப்பதால் சூடு எல்லாப் பக்கமும் சீராகப் பரவுகிறது. தயிரை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதில்லை, குக்கரும் உடனே அடுத்த சமையலுக்குக் கிடைத்துவிடுகிறது. மண்சட்டி சிறிது தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கூடுதலாக இறுகுகிறது. அக்கம்பக்கத்து யாழ்ப்பாணத்து வீடுகளில் சட்டித் தயிருக்கு இருக்கும் மதிப்பு ஏன் என்பது அதைச் சாப்பிட்டால் விளங்கும். ஆனால் கழுவியபின் சட்டியை நன்றாகக் காயவைக்காவிட்டால் அடுத்த முறை ஒரு வாடை வரும்.

வாடை என்றதும் சொல்ல வேண்டியது மூடியின் சிலிக்கோன் வளையம். சாம்பாரின் பெருங்காயமும் குருமாவின் பூண்டும் இந்த வளையத்தில் ஏறி இறங்காமல் நிற்கும்; தயிர் மணிக்கணக்கில் அதன் கீழே மூடியிருப்பதால் அதை இழுத்துக்கொள்ளும். வினிகரில் ஊறவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் வாடை குறைகிறதே தவிர போவதில்லை. தயிருக்கென்று தனி வளையம் வைத்துக்கொள்ளலாம், அல்லது வளையமே இல்லாத கண்ணாடி மூடியைப் பயன்படுத்தலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

மின்செலவு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை, தயிர் தோயும் நேரத்தில் சூட்டுத்தட்டு பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது. எங்கள் கருவியில் மின்சாரம் சற்று நேரம் போய்வந்தால் ஓடிக்கொண்டிருந்த நேரக்கணக்கு அழிந்துவிடுகிறது. வெந்நீர் சுற்றியிருப்பதால் பால் வீணாவதில்லை, மீண்டும் பொத்தானை அழுத்தி, மீதி நேரத்தை மனக்கணக்காக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கெனவே விற்கப்படும், ஏழு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் கொண்ட தயிர்க் கருவியை நண்பர் வீட்டில் பார்த்தேன். பழத்தோடு காலையில் ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிடும் குடும்பத்துக்கு அது பொருத்தம். இரண்டு வேளையும் தயிர்சாதத்தில் முடியும் சாப்பாட்டுக்கு அந்த ஏழு கிண்ணமும் ஒரு நாளுக்குப் போதாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எந்தக் கருவியும் வேண்டாம், மேடையிலேயே தோய்ந்துவிடுகிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் திரும்பி வந்ததும் உறைக்கு அலைவது வழக்கம். கிளம்புவதற்கு முன் புளிக்காத புதுத்தயிரை ஐஸ் தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டால், ஒன்றிரண்டு மாதங்கள் தாங்குகிறது. திரும்பி வந்ததும் இரண்டு கட்டிகளை உருகவிட்டு அரை லிட்டர் பாலில் மட்டும் கலந்து தோய்க்க வேண்டும். அந்த முதல் தயிர் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு தளர்வாகவே உறையும். அதை மோருக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தோய்க்கும் அடுத்த தயிரைப் பரிமாறலாம்.