ஆறிய புண்ணைப் பற்றிக் கேட்ட ஒரே இடம்

இந்த ஜூலையில் மூன்று வாரம் புதுச்சேரியில் தங்கியிருந்தேன். பாரிஸுக்கு வடக்கே சார்செலில் குடியிருக்கும் எனக்கு, முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கும் அம்மாவின் உடல்நிலை மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும் ஒரு பரிசோதனைத் தாளாகவே பழகிப்போயிருந்தது. வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு, மூன்று மாதச் சராசரி இவ்வளவு என்று எண்களைப் பார்த்து, பரவாயில்லை என்றோ இனிப்பைக் குறையுங்கள் என்றோ பதில் எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன.

வந்த இரண்டாம் நாள் அவருக்கு நகம் வெட்டிவிட உட்கார்ந்தபோதுதான் வலது உள்ளங்காலைப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குத் தோல் பளபளவென்று, சுற்றியுள்ள தோலைவிட வெளுத்திருந்தது. கேட்டதற்கு, "அதுவா, சித்திரையில திருவந்திபுரம் போனப்ப சுட்டது. அதான் எப்பவோ ஆறிடுச்சேம்மா" என்றார். நடந்தது இதுதான்: வேண்டுதலுக்காகத் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போனவர், நடுப்பகலில் வெளிப்பிராகாரத்துக் கருங்கல்லில் மெதுவாக, நிதானமாக வலம் வந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் சூடு தாங்காமல் ஓடினார்களாம். தமக்கு மட்டும் சுடவே இல்லை என்பதைப் பெருமாளின் அருளாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். கொப்புளம் இருந்தது மறுநாள் தரையில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டுப் போட்டு ஆறியிருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை, நான் பயந்துவிடுவேனாம்.

என் கணவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. பிரான்சில் புண் வரும் அபாயத்தை வைத்து அவருடைய பாதத்தைத் தரம் பிரித்து, இரண்டாம், மூன்றாம் தரம் என்று மருத்துவர் எழுதிவிட்டால், பொதோலோக் எனப்படும் பாத நிபுணரிடம் ஆண்டுக்குச் சில முறை செல்லும் செலவை நலக் காப்பீடே ஏற்றுக்கொள்ளும். அவருடன் பலமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும் அம்மாவின் பாதத்தைப் பற்றி ஒருமுறைகூடத் தொலைபேசியில் கேட்டதில்லை.

மறுநாள் அம்மா வழக்கமாகச் சர்க்கரைக்குக் காட்டும் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை. ரத்தம் எடுப்பதிலும் அறிக்கை தருவதிலும் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலைக்குள் எண்கள் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. ஆனால் பத்து நிமிடப் பேச்சில் அம்மா செருப்பைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை. கட்டுப் போட்டதும் அதே இடத்தில்தான், ஆனால் அந்தச் செய்தி சர்க்கரைக் குறிப்பேட்டில் எங்கும் இல்லை. நான் எடுத்துச் சொன்னபோது, ஆறிவிட்டதே, பிறகென்ன என்றார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது.

ஜிப்மர் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு வேறெங்கும் போவானேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தெல்லாம் விடியற்காலையே வந்து வரிசையில் நிற்கும் கூட்டத்தில் நிற்க அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தி, தான் கால் காட்டும் சர்க்கரை நோய் மருத்துவரைச் சொன்னார். சித்திக்கும் சர்க்கரை உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை அவர் வீட்டுக்கே வந்துவிடுகிறது. பெண்ணையாற்றைத் தாண்டி வடக்கே புதுச்சேரிக்குப் போனால் ஆட்சி வேறு, திட்டங்கள் வேறு.

அந்த மருத்துவரின் காத்திருப்புக் கூடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்தில் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தே வயதானவர், இடது காலில் கட்டைவிரல் இல்லை, இப்போது டயாலிசிஸ் வேறு. "செருப்பு ரோட்டுல கழண்டு போயிருக்கும், எனக்குத் தெரியாது. பின்னால வர்றவன் சொல்லுவான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் அப்படி நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செருப்பு நழுவுவதை உணராமல் போவதை இங்குள்ள பாத மருத்துவர்கள் முக்கியமான அறிகுறியாகக் கேட்கிறார்கள் என்பதைச் சற்று நேரத்தில் நாங்களே கண்டோம்.

உள்ளே முதலில் பார்த்தது ஓர் இளம்பெண். அம்மாவின் இரு கால்களையும் ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, விரலிடுக்குகளைப் பிரித்துச் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்த்தார்; வீங்கிய விரலில் இறுகிக் கிடந்த மெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு பேனா போன்ற ஒன்றின் முனையில் நீட்டிக்கொண்டிருந்த நைலான் இழையை அம்மாவின் கையில் அழுத்தி, இப்படித்தான் இருக்கும் என்று காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். சர்க்கரையால் பாத நரம்புகள் உணர்விழந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கான அந்த இழை 10 கிராம் அளவு அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. அது வளையும்வரை அழுத்தியும் ஒருவருக்குத் தெரியவில்லை என்றால், முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் தெரியாது என்று கொள்ள வேண்டும். கட்டைவிரல் நுனி, அதன் கீழ்ப் பந்து, நடுவிரல், சுண்டுவிரல்களின் அடி என்று தொட்டுக்கொண்டே போனார். அம்மா ஒரு தாளத்தில் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்தப் பெண்ணோ என்னைப் பார்த்துக் கண்ணசைத்துவிட்டு, இழையைக் காலில் படாமல் காற்றில் பிடித்தபடி நின்றார். அம்மா "ம்" என்றார்.

மீண்டும் முதலிலிருந்து, தாளம் பிடிக்க முடியாதபடி இடைவெளியை மாற்றி மாற்றிச் செய்தார்கள். வலது காலில் ஓரிடத்தில்கூட அம்மாவுக்குத் தெரியவில்லை. அதிர்வை உணரும் திறனை வோல்ட்டில் அளக்கும் பயோதீசியோமீட்டரில், 25-ஐத் தாண்டினாலே புண் வரும் அபாயம் கூடுதல் என்கிறார்கள். அம்மாவுக்கு வலதில் 32, இடதில் 27.

ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 0.9-க்குக் கீழே போனால் குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள், அம்மாவுக்கு 1.1. அத்துடன் விட்டுவிடாமல், நெடுநாள் சர்க்கரையில் ரத்தக்குழாயின் சுவர் சுண்ணாம்பேறிக் கெட்டியாகி, எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடும் என்று சொல்லி, மருத்துவர் புறங்காலிலும் கணுக்காலின் பின்புறமும் நாடியைத் தாமே தொட்டுப் பார்த்தார். புகைப்பவர்களிடம் இந்த நாடிதான் முதலில் மங்கும் என்றார். எங்கள் தெருவில் சிலர் நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு அவர் விரல்களைக் காட்டினார். அம்மாவின் கால்விரல்கள் கொஞ்சம் வளைந்திருப்பதை வயதென்று நினைத்திருந்தேன். நரம்பு கெட்டால் பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கிவிடும் என்றும், அப்போது உடல் எடை முழுதும் விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைகளில் இறங்கும் என்றும், அங்கே காய்த்துப்போகும் தோல் செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் போல உள்ளே அழுத்திப் புண்ணை உண்டாக்கும் என்றும் விளக்கினார். அந்தக் காய்ப்பைத்தான் அம்மா பல ஆண்டுகளாகப் பழைய பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். ஆணிக்காலுக்கு ஒட்டும் மருந்துப் பட்டையும் வேண்டாம், வெந்நீரில் ஊற வைப்பதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது கேட்டார்: "இதுக்கு முன்னாடி கால்ல புண்ணு ஏதாவது வந்து ஆறியிருக்கா?" அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். திருவந்திபுரக் கதையைச் சொன்னதும் அவர் குறிப்பேட்டில் அபாயத் தரமாக ஏற்கெனவே எழுதியிருந்த 2 என்ற எண்ணை அடித்துவிட்டு 3 என்று எழுதினார். உணர்ச்சி போய், விரல் வளைந்திருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலைக் காட்டினால் போதும். அதனுடன் ஒரு பழைய புண்ணும் சேர்ந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும். புண் ஆறியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது என்று அவர் சொன்னபோது, பளபளத்த அந்த ரூபாய் அளவுத் தோலை அம்மா முதல் முறையாகக் குனிந்து பார்த்தார். சோதனைகள், காய்ப்பைச் சீவியது, மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய்.

செருப்பு வாங்குவது அதைவிடக் கடினமாக இருந்தது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர்ச் செருப்பு வேண்டும், கட்டைவிரல் இடுக்கில் வார் இருக்கக் கூடாது, குதிகாலின் பின்னால் பட்டை வேண்டும் என்று சீட்டில் இருந்தது. முதல் இரண்டு கடைகளிலும் எம்.சி.ஆர். என்றதும் விரலிடுக்கு வார் வைத்ததையே எடுத்துப் போட்டார்கள். அந்த மெத்தென்ற ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: தொழுநோயால் உணர்ச்சியிழந்த பாதங்களுக்காக வேலூரில் இதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர், 1914-இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். வலி தெரியாததால் புண் வருகிறது என்பது அங்கே கண்டது; நோய் வேறானாலும் அம்மாவின் காலில் நடப்பதும் அதுவே. மூன்றாவது கடைக்காரர் தாளில் இரு பாதங்களையும் வரைந்துகொண்டு, பின்பட்டை வைத்துத் தருவதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். விமானத்துக்கு முந்தைய நாள் மாலை கைக்கு வந்தது.

வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்றதுதான் பெரிய வழக்கானது. அடுப்பங்கரைக்குச் செருப்பா என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. வெளியே போகாத தனி ஜோடி, பூஜை அறைப் படியோடு அது நின்றுவிடும், கோயிலுக்கு இனி கல் சூடேறுமுன் விடியற்காலையில் மட்டும் என்று பேசி முடித்தோம். மெட்டியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை; பத்தரிடம் கொடுத்துத் தளர்த்தி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது மாதப் பரிசோதனைத் தாளுடன் இரண்டு உள்ளங்கால்களின் படமும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகஸ்டில் வந்த முதல் படத்தில் பாதிக்கு மேல் தரைதான் தெரிந்தது. சித்தி மகனை எடுக்கச் சொல்லி மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.