சடங்கோடு வழியனுப்புவதா, கூடிப் பேசி நினைவுகூர்வதா?

ஒருவர் இறந்தபின் செய்யும் மதச் சடங்கின் பெரிய பலம், யோசிக்கவே தெம்பில்லாத நேரத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுவதுதான். யூதர்களுக்கு அடக்கத்துக்குப் பின் 7 நாள் துக்கம், இஸ்லாத்தில் முடிந்தவரை சீக்கிரம் அடக்கம் என்று எல்லாம் முன்பே வகுத்து வைத்தது. ஆனால் அந்த வேகத்தில் தூரத்தில் இருப்பவர்கள் வந்து சேர முடியாமல் போகலாம், இறந்தவரைப் பற்றி மனம்விட்டுப் பேசாமலே எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு.

நினைவுக் கூட்டத்தை ஒரு மாதம் கழித்துக்கூட வைக்கலாம். அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி மேஜையில் இருக்க, ஒருவர் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார், அப்புறம் ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல வீட்டாருக்கே தெரியாத கதையெல்லாம் வெளியே வரும். யாராவது முன்னின்று நடத்தாவிட்டால் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

இறந்தவர் பக்தி உள்ளவர் என்றால் சடங்கை விட்டுவிடாதீர்கள், கூட்டத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.