மூன்று வருடம் பயன்படுத்திய லோடர் ஸ்டாண்டும் அதன் நாலு அங்குலத் தகடும்

போன வாரம்தான் லேத்து பட்டறையிலிருந்து என் லோடர் ஸ்டாண்டு திரும்பி வந்தது. டிராக்டரின் முன்னால் மாட்டி மண், எரு அள்ளும் லோடரைக் கழற்றினால் அதைத் தாங்கி நிறுத்தும் இரண்டு கால்கள்தான் இந்த ஸ்டாண்டு. வலது கால் புதிதாகச் செய்தது, இடது காலுக்கு மறு வெல்டிங், எண்ணெய்க் குழாயை (ஹோஸ்) இணைக்கும் கப்ளர் ஒன்று மாற்றம். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். அன்றைக்கே உடுமலையிலிருந்து மச்சான் போன் செய்தார். "மாப்பிள்ளை, நானும் டிராக்டருக்கு முன் லோடர் மாட்டலாம்னு இருக்கேன். கழட்டி நிறுத்துற ஸ்டாண்டுக்குத் தனியா 18,000 கேக்கறாங்க. வாங்கலாமா?" போனில் சொல்லத் தொடங்கினேன், பாதியிலேயே குரல் ஏறிவிட்டது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

என்னுடையது 50 குதிரைத்திறன் டிராக்டர், டூ வீல் டிரைவ். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. கோழி எரு ஏற்ற, மட்டை வார, மண் தள்ள என்று வருடத்தில் நாற்பது ஐம்பது நாள்தான் லோடர் வேலை. மற்ற நாளெல்லாம் ரோட்டவேட்டர், ஒன்பது கொழுக் கலப்பை, டிப்பர். ஆக, லோடரைக் கழற்ற முடியுமா முடியாதா என்பதுதான் எனக்கு முக்கியம். லோடர் எவ்வளவு தூக்கும் என்பது அதற்கு அப்புறம்தான்.

ஸ்டாண்டு வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) கட்டித்தான் இறக்குவோம். மூன்று பேர், இரண்டு மணி நேரம். அரை டன் இரும்பு கிளையில் ஆடும்போது அதன் அடியில் கையை நீட்டிப் பின்னைத் தட்டுவது நல்ல வேலை இல்லை. அந்தப் பயத்திலேயே லோடரைக் கழற்றாமல் உழவு ஓட்டினேன். முன்னால் நாலைந்து அடி நீட்டிக்கொண்டிருக்கும் பக்கெட் மூன்று முறை சொட்டுநீர் கேட் வால்வை உடைத்தது. முன் ஆக்சிலுக்கும் தாண்டி எடை தொங்குவதால் பின் டயரில் பிடிப்பு குறைந்து சறுக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். வருடக் கடைசியில் முன் சக்கரம் திரும்பும் அச்சாணியின் கிங் பின் புஷ் இரண்டு பக்கமும் தேய்ந்து ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது.

ஸ்டாண்டு வந்த பிறகு எல்லாம் மாறியது. இதை மறைக்க மாட்டேன். லோடர் கைகளின் அடியில் மடங்கிக் கிடக்கும் இரண்டு கால்களைக் கீழே விட்டு, பக்கெட்டைத் தரையில் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின்னை உருவ வேண்டும். லீவரை மெதுவாக அசைத்தால் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் சிலிண்டரின் பலத்திலேயே லோடரின் தூண், டிராக்டரில் இருக்கும் பிராக்கெட்டிலிருந்து எழும்பி வெளியே வரும். இன்ஜினை அணைத்து, ஹோஸில் நிற்கும் அழுத்தம் போக லீவரை நாலு திசையும் தள்ளிவிட்டு, நாலு கப்ளரையும் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்தால் முடிந்தது. தனி ஆளாகப் பன்னிரண்டு நிமிடம். முதல் தடவை இறக்கிவிட்டு வண்டியைத் தோப்புக்குள் திருப்பினேன். ஸ்டீயரிங் ஒரு கைக்கு வந்தது, மரத்தைச் சுற்றி ஒரே வெட்டில் திரும்பியது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கப்ளர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கழற்றிய லோடர் வெயிலில் நின்றால் சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறும். திரும்ப மாட்டப் போனால் கப்ளர் உள்ளே போகாது. சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள், நான் மாற்றிய கப்ளர் அப்படி அடிபட்டதுதான். நிழலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விடிகாலையில் மாட்டுங்கள். நாலு ஹோஸுக்கும் நாலு நிறத்தில் டேப் சுற்றி வையுங்கள், மாறிப் போனால் தூக்கு என்றால் இறங்கும். கசிவு தெரிந்தால் கையை வைத்துத் தேடவே கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து பீச்சும் ஹைட்ராலிக் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்க்கச் சின்னக் காயம்போல இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். ஸ்டாண்டுக் காலின் அடியில் இருக்கும் தகடு நாலுக்கு நாலு அங்குலம். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. லோடர் 500 கிலோ. அதில் பக்கெட் ஒரு பங்கு தாங்கினாலும் ஒவ்வொரு காலிலும் 150 கிலோ வரை இறங்கும். நாலு அங்குலச் சதுரம் என்பது ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றரை கிலோ. ஒரு ஆள் ஒற்றைக் காலில் நின்றால்கூட அதில் மூன்றில் ஒரு பங்குதான் மண்ணில் இறங்கும். நனைந்த செம்மண் இதை எப்படித் தாங்கும்?

தாங்கவில்லை. முதல் வருடத்திலிருந்தே இதே தொல்லை. இரண்டு காலும் ஒரே அளவு புதைந்தால்கூடச் சமாளிக்கலாம். ஒன்று அரை அங்குலம் அதிகம் புதைந்தாலே தூண் முறுக்கிக்கொள்கிறது. மறுபடி மாட்டும்போது இடது பின் போகும், வலது துளை கால் அங்குலம் தள்ளி நிற்கும். கடப்பாரை, ஜாக்கி, முன்னும் பின்னும் வண்டியை நகர்த்தல் என்று பன்னிரண்டு நிமிட வேலை ஒரு மணி நேரமாகும். பழைய தென்னம்பலகை, பலகைக்கல் என்று அடியில் கொடுத்துப் பார்த்தேன். பலகை இரண்டு மழையில் உளுத்துப் போகிறது.

இந்த ஆடியில் தென்மேற்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வலது கால் முழங்கால் ஆழம் புதைந்து, லோடர் பக்கவாட்டில் சாய்ந்து, கால் வளைந்து கிடந்தது. முந்தின நாள் மாலைதான் அதே இடத்தில் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

விற்றவர்களிடம் கேட்டேன். சமமான, உறுதியான தரையில்தான் நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது, எடுத்துப் படித்தும் பார்த்தேன், அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் விவசாயிக்கு விற்கும் பொருள் இது. களத்து மேட்டைத் தவிர எங்களிடம் உறுதியான தரை எங்கே இருக்கிறது? களத்தில் தேங்காய் காயும். தகட்டை ஒரு அடிச் சதுரமாகப் போட்டிருந்தால் பரப்பு ஒன்பது மடங்கு. இரும்புக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

இப்போது பட்டறைக்காரர் பத்து மில்லிமீட்டர் தடிமன் தகட்டில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி இரண்டு காலுக்கும் வைத்து, அடியில் குறுக்குப் பட்டையும் கொடுத்திருக்கிறார். மடக்கும்போது கொஞ்சம் இடிக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். மாட்டுக் கொட்டகை ஓரம் எட்டுக்கு எட்டு அடியில் கான்கிரீட் தளமும் போட்டாயிற்று.

ஆகவே மச்சான், இதைக் கழற்றி மாட்டும் வசதி இல்லாமல் இனி நான் டிராக்டர் ஓட்டவே மாட்டேன். அப்படி இருந்தும், கடையில் வைத்திருக்கிற அந்த ஸ்டாண்டை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கோபம் தணிந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ, இன்றைக்கு இதுதான் பதில். அந்தப் பணத்தை லேத்து பட்டறையில் கொடுங்கள், அளவு என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு லோடு கோழி எரு வருகிறது, காலை ஆறு மணிக்கு லோடரை மாட்டப்போகிறேன். வந்து வலது பக்கப் பின்னை நீங்களே போட்டுப் பாருங்கள்.