பழைய பைக்குக்கு எல்இடி செட்: பல்ப் நல்லது, பெட்டியில் சொல்லாதது நிறைய

ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வண்டி 2003 மாடல், ஒற்றை சிலிண்டர், 12 வோல்ட், 35/35 வாட் ஹெட்லைட். வாங்கிய செட்டில் ஒரு ஹெட்லைட் பல்ப், ஒரு பின் லைட் பல்ப், நான்கு இண்டிகேட்டர் பல்ப், ஒரு எலக்ட்ரானிக் பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைப்பது), தங்க நிறத்தில் இரண்டு லோடு ரெசிஸ்டர் (பழைய பல்ப் அளவுக்குக் கரண்ட் இழுக்க வைக்கும் மின்தடை) இருந்தன. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. புது வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். பழைய வண்டிக்கு இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாட்டிய அன்று இரவு ஐடிலிங்கில் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தினேன், வெளிச்சம் படபடவென்று துடித்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் துடிப்பு நின்றது, விட்டால் மறுபடி ஆரம்பித்தது. முதலில் பல்ப் பழுது என்றுதான் நினைத்தேன், ஆனால் அதே பல்பை நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி நின்று எரிந்தது. விஷயம் என்னவென்றால், இந்த வகைப் பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வருவதில்லை, எஞ்சின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து ஏசியாகவே, அதாவது திசை மாறி மாறி, வருகிறது. ஏசி நொடிக்குப் பல தடவை ஏறி இறங்கினாலும் பழைய பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கு அந்தச் சூடு கிடையாது, கரண்ட் இறங்கிய கணமே அணைந்துவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்று பார்ப்பது சுலபம்: எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் எரியவில்லை, ஓடும்போது ஆக்சிலேட்டருக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைகிறது என்றால் பெரும்பாலும் ஏசிதான்.

சரி செய்ய ஒயரிங்கில் கை வைத்தே ஆக வேண்டியிருந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மேக்னெட் கவரைத் திறந்தேன். காயிலின் ஒரு முனை எர்த்தில் சால்டர் ஆகியிருந்தது, அதை விடுவித்துத் தனி ஒயராக வெளியே இழுத்து, இரண்டு முனையையும், ஏசியை ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றும் ஃபுல் வேவ் ரெக்டிபையரில் கொடுத்து, ஹெட்லைட் சப்ளையை பேட்டரி பக்கம் பியூஸ் வழியாக மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஆனால் அதற்கு அப்புறம் கிடைத்த பலன் பெரியது: முன்பு டிராபிக்கில் ஐடிலிங்கில் நின்றால் பேட்டரியில் 12.4 வோல்ட் காட்டிய மல்டிமீட்டர் இப்போது 13.6 காட்டுகிறது. ஹெட்லைட் 1.4 ஆம்பியர்தான் இழுக்கிறது, கணக்குப் பார்த்தால் 19 வாட். பெட்டியில் போட்டிருப்பது 40! இதைப் பொய் என்றுதான் சொல்வேன், வெளிச்சம் போதுமானதாக இருந்தாலும். ஒன்றைக் கவனியுங்கள், காயிலில் வரும் மிச்சக் கரண்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் வகை ரெகுலேட்டர் என்றால் லோடு குறைந்ததும் அது கூடுதலாகச் சூடாகும், காற்று படும் இடத்தில் நல்ல எர்த்தோடு வையுங்கள்.

வெளிச்சம் எப்படி இருக்கிறது என்பதைவிட எங்கே விழுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பழைய டூம் (பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ஹெட்லைட் கூடு) ஒரு மெல்லிய இழைக்காகச் செய்தது, எல்இடி சிப் அதே இடத்தில் உட்காரவில்லை என்றால் வெளிச்சம் மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணில் குத்தும். சிப்கள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. இந்த பல்பில் காலரை, அதாவது பல்பைப் பிடித்திருக்கும் வளையத்தை, திருப்பி வைக்க முடிகிறது, அது ரொம்ப நல்ல விஷயம். சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டு, மேல் விளிம்பு கோடு மாதிரி தெளிவாக விழும்வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பினேன். அப்படித் தெளிவாக விழவே இல்லையென்றால் தயவுசெய்து அந்த பல்பை மாட்டாதீர்கள். ஹாலஜன் டூமில் எல்இடி போடுவதைச் சட்டம் அனுமதிக்காத நாடுகள் பல உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இண்டிகேட்டர்கள் அருமை. ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்ப் இரண்டு இழுத்த இடத்தில் இப்போது இரண்டு வாட் கூட இல்லை, அவ்வளவு குறைந்த லோடில் பழைய பிளாஷர் துடிக்காது என்பதால் செட்டில் வரும் எலக்ட்ரானிக் பிளாஷர் கட்டாயம் வேண்டும், அது நன்றாகவே வேலை செய்கிறது. லோடு ரெசிஸ்டரைத் தொடவே வேண்டாம். 6 ஓம் ரெசிஸ்டர், பழைய பல்புகள் இழுத்த கரண்ட்டை அதுவும் இழுத்துச் சூடாகக் கொட்டும், பிறகு எல்இடி எதற்கு? இன்னொரு சிக்கல், இடது ஸ்விட்ச் போட்டால் நான்கும் ஒன்றாக மின்னின. மீட்டரில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு சின்ன பல்ப் இருக்கும் வண்டிகளில் அது இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவில் தொங்குகிறது, அதன் வழியாகக் கசியும் கரண்ட் எதிர்ப்பக்க எல்இடியை எரிக்கப் போதும். கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு (1என்4007) இரண்டு வாங்கி, ஒயருக்கு ஒன்றாகப் போட்டு, வெள்ளிக்கோடு உள்ள முனைகளைச் சேர்த்து மீட்டர் பல்புக்குக் கொடுத்து, பல்பின் மறுமுனையை எர்த் செய்தேன். அதோடு தீர்ந்தது. டையோடுகளைச் செட்டிலேயே கொடுத்திருக்கலாம், ரெசிஸ்டரைவிட அவை எவ்வளவோ மலிவு.

பின் லைட் பல்பைத் திருப்பிக் கழற்றிவிட்டேன். சிவப்பு எல்இடி, பிரேக் பிடித்தால் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் என் வண்டியில் நம்பர் பிளேட்டுக்கும் அதே பல்புதான் வெளிச்சம் தருகிறது, பிளேட் முழுக்கச் சிவந்துபோய் எழுத்தே தெரியவில்லை. பழைய 21/5 வாட் பல்பே இப்போது எரிகிறது.

டிசி ஒயரிங் உள்ள வண்டி என்றால் தயங்காமல் வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஏசி வண்டி என்றால் இண்டிகேட்டரையும் பிளாஷரையும் மட்டும் முதலில் போடுங்கள், ஹெட்லைட்டை காயில் வேலை முடித்த பிறகு. கழற்றிய ஹாலஜன் பல்பை, கண்ணாடியில் விரல் படாமல் துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எல்இடி வழியில் பழுதானால் அதே ஹோல்டரில் இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.