போனில் அளவெடுக்கும் ஏஆர் ஆப்: 'இலவசமாகத் தொடங்கு' பட்டனைத் தொடாதீர்கள்

சுவர், தரை எல்லாவற்றையும் கேமராவாலேயே அளக்கலாம், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது என்று விளம்பரம் செய்யும் ஒரு ஏஆர் (கேமராவில் தெரியும் காட்சிமேல் கோடு, படம் சேர்த்துக் காட்டும் நுட்பம்) ஆப்பிடம் பணத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன். பெயர் சொல்லிப் பிரயோசனமில்லை, இதே அச்சில் வார்த்தவை ஸ்டோரில் இன்னும் நிறைய இருக்கின்றன.

திறந்ததும் 'இலவசமாகத் தொடங்கு' என்று பெரிய பச்சைப் பட்டன். அதற்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில், மூன்று நாள் கழித்து வாராவாரம் கட்டணம் என்று ஒரு வரி. மாதாமாதம்கூட இல்லை, வாராவாரம்! மூடுவதற்கான பெருக்கல் குறி சில நொடி கழித்துத்தான் மூலையில் தலைகாட்டுகிறது.

சரி, வேலையாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. அலமாரி வைக்க இரண்டு சுவர்களுக்கு நடுவே அளந்தால் 182 செ.மீ. என்றது, அதே இடத்தில் நின்று மறுபடி அளந்தால் 191, டேப்பை இழுத்துப் பார்த்தால் 176. போனைக் கொஞ்சம் திருப்பினாலே நாம் வைத்த புள்ளி சுவரை விட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. பெரும்பாலான போன்களில் தூரத்தை அளக்கத் தனிக் கருவி கிடையாது. கேமராவில் தெரியும் முனை, கறை, கோடு எல்லாம் எப்படி நகர்கின்றன என்பதையும் உள்ளே இருக்கும் அசைவு சென்சார்கள் சொல்வதையும் சேர்த்துத்தான் போன் கணக்குப் போடுகிறது. வெறும் வெள்ளைச் சுவர், மங்கிய வெளிச்சம், பளபளக்கும் தரை என்றால் பிடிமானம் கிடைக்காமல் திணறும். ஐபோன் 12 ப்ரோவில் வந்த லைடார் (ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் சென்சார்) மாதிரி ஏதாவது இருந்தால் பரவாயில்லை, ஆனால் அதிலும் மில்லிமீட்டர் கணக்கெல்லாம் சும்மா.

இதில் எரிச்சல் என்னவென்றால், கஷ்டமான வேலையை இவர்கள் செய்வதே இல்லை. அதைச் செய்வது ஆப்களில் ஏஆர் வசதியைச் சேர்ப்பதற்கான மென்பொருள் தொகுப்புகளான ஆப்பிளின் ஏஆர்கிட்டும் கூகுளின் ஏஆர்கோரும். இரண்டும் 2017இல் அறிவிக்கப்பட்டவை, ஆப் எழுதுகிறவர்களுக்கு இலவசம். அதன்மேல் ஒரு ஸ்கேல் படத்தை ஒட்டிவிட்டு வாரச் சந்தா கேட்கிறார்கள். ஐபோனில் 2018இல் வந்த ஐஓஎஸ் 12இலிருந்தே 'மெஷர்' ஆப் காசில்லாமல் கிடைக்கிறது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ், ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பேமென்ட்ஸ் பகுதி. அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். ஆப்பிளில் இலவசக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். ஆப்காரர்களுக்கு மெயில் போட்டேன், அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள் என்று தானியங்கிப் பதில் வந்தது. அப்புறம் ஸ்டோரிடமே பணம் கேட்டு விண்ணப்பித்தேன். கடைசியாகப் பிடித்ததை மட்டும் திருப்பித் தந்தார்கள், அதற்கு முந்தைய வாரங்களுடையது போனது போனதுதான்.